பின்னால் நிற்பவர்களையே பார்த்த கிரேஸ் அக்கா

காலையில் பால் பொங்கி வரும் நேரத்தில் கிரேஸ் அக்காவின் எண்ணிலிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. பல நாள் கழித்து மறுபடி ஏதோ பழைய படத்தைப் பார்த்துவிட்டு யாரையோ திட்டியிருப்பார், ஆற அமரக் கேட்கலாம் என்று போனைச் சமையல் மேடையில் கவிழ்த்து வைத்தேன். காப்பி கலந்து எடுத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து, சிரிக்கத் தயாராகத்தான் அதைத் திறந்தேன். பேசியது அக்காவின் மகள் ஷீபா. "ஆன்ட்டி, அம்மா போய்ட்டாங்க. விடிகாலைல தூக்கத்துலயே. மீரு வெண்டனே ரண்டி ஆன்ட்டி, எனக்கு இன்னா பண்றதுன்னே தெரியல." உடனே வாருங்கள் என்று பாதித் தமிழும் பாதித் தெலுங்குமாக அந்தப் பெண் அழுத அழுகையைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். காப்பி ஆறிப்போனது.

ஓய்வுபெற்ற நர்சுகளான எங்களுக்கென்று ஒரு வாட்ஸாப் குழு இருக்கிறது. அதில் மற்றவர்கள் எல்லாம் முட்டிவலி எண்ணெயும் பேரப்பிள்ளைகளின் படமும் அனுப்பினால், கிரேஸ் அக்கா சினிமா விமர்சனம் அனுப்புவார். அதுவும் நாலு வாக்கியத்தைத் தாண்டாது. அந்தக் குரலுக்காகவே குழுவில் இருந்தவர்கள் உண்டு. அவர்களுக்கு அக்காவின் கதை பாதிதான் தெரியும். குழுவில் இல்லாதவர்களுக்கு எதுவுமே தெரியாது. இரு சாராருக்குமாக இதை எழுதுகிறேன். எழுதாமல் சும்மா உட்கார என்னால் முடியவில்லை.

நான் ஆந்திர எல்லையிலுள்ள நகரியில் தறி ஓடும் வீட்டில் பிறந்தவள். திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்து, தகரப் பெட்டியோடு ஹாஸ்டலுக்கு வந்தபோது என் அறையில் இருந்தவர் கிரேஸ் அக்கா. சித்தூர் பழைய மிஷன் சபையைச் சேர்ந்தவர். அவருடைய அப்பா அங்கே உபதேசியார். வந்த அன்றே என் பெட்டியைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மே, கல்யாணம் பண்ணிக்கினு வந்த மாதிரி இவ்ளோ மூட்டை?" என்றார். எனக்குக் கோபம் வந்தது. சாயங்காலம் அவரே தன் அலமாரியில் பாதியைக் காலிசெய்து கொடுத்தார். அப்புறம் கோபிக்க என்ன இருக்கிறது?

விடுமுறை நாட்களில் நாங்கள் கும்பலாகச் சினிமாவுக்குப் போவோம். அக்கா வரமாட்டார். சிறு வயதில் சபையில் நடந்த எழுப்புதல் கூட்டத்தில், எல்லார் முன்னாலும் கை தூக்கி, சினிமாக் கொட்டகைக்குள் கால் வைப்பதில்லை என்று பொருத்தனை செய்தவர் அவர். அவரோடு கை தூக்கிய பெண்கள் பலர் பிற்பாடு முக்காடு போட்டுக்கொண்டு மேட்னி பார்த்தார்கள். இவர் பார்க்கவில்லை. எங்கள் டியூட்டியையும் தானே வாங்கிக்கொண்டு எங்களை அனுப்பிவைப்பார். ஆனால் திரும்பி வந்ததும் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "சரி, கதை சொல்லு" என்பார். கேட்பது பாவமில்லை என்பது அவர் கட்சி. நாங்கள் பாட்டு, சண்டை எல்லாம் சேர்த்து மூச்சுவிடாமல் சொல்லி முடித்ததும் தீர்ப்பு வரும். "அந்தப் பொண்ணு அவனைக் கட்டிக்கினு இருக்கக் கூடாது. வேலைக்காரியை அறைஞ்சவன் இவளை அறையமாட்டானா?" படத்தைப் பார்த்த எங்களுக்கு அந்த வேலைக்காரி நினைவில்கூட இருக்கமாட்டாள்.

அக்காவுக்கு ஒரே தம்பி, பெயர் சாமு. சினிமாவில் நடிக்கப்போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டே மெட்ராஸுக்குப் போனவர். உபதேசியார் வீட்டிலிருந்து ஒரு பிள்ளை அப்படிப் போனால் சபை சும்மா இருக்குமா? அப்பா அடுத்த ஞாயிறு எழுந்து நின்று, கெட்டுப்போன மகனுக்காக ஜெபிக்கும்படி எல்லாரையும் கேட்டுக்கொண்டாராம். வீட்டுக்கு வந்து, சாமு இருந்த போட்டோக்களை எல்லாம் வெந்நீர் அடுப்பில் போட்டாராம். அக்கா இதை என்னிடம் சொல்லும்போது நைனா என்று அவர் கூப்பிடும் அந்த அப்பாவைக் குறை சொல்லவில்லை. "அவருக்கும் அழுகைதான். வேற எப்படி அழறதுன்னு தெரியல" என்றார்.

சாமுவை நான் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். ஒரு மத்தியான வேளையில் ஹாஸ்டலுக்கு வந்தார். எலும்பும் தோலுமாக இருந்தார், தலைமுடி மட்டும் படிய வாரி எண்ணெய் மினுங்கியது. அக்கா அவசரமாகத் தன் சாப்பாட்டுத் தட்டை அவர் முன்னால் நகர்த்தினார். "மொதல்ல துன்னு. அப்புறம் பேசு." அவர் துன்னவும் இல்லை, பேசாமலும் இல்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே பேசினார்.

"அக்கா, கும்பல்ல நின்னதெல்லாம் போச்சு. இப்ப ஒரு வசனம் குடுத்துட்டாங்க. தனியா. ஹீரோ மூஞ்சிக்கு நேரா நின்னுக்கினு சொல்றேன். படம் வரப்போகுது. பேரு இன்னா தெரியுமா?"

அக்கா சட்டென்று கையை உயர்த்தினார். "சொல்லாத."

"ஏன்கா?"

"சொன்னா பாக்கணும்னு தோணும். தோணினா போயிடுவேன். கர்த்தர்கிட்ட கை தூக்கினவ நான். பேரைச் சொல்லாதடா."

சாமு என் பக்கம் திரும்பினார். என்னிடம் சொல்லிவைக்கத்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன். அக்கா அதற்கும் விடவில்லை. "இவகிட்டயும் சொல்லாத. இவ வாயில ஒண்ணும் நிக்காது." மூன்று பேரும் சிரித்தோம். சாமு கோபித்துக்கொள்ளவில்லை, நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, கொண்டுவந்திருந்த மிக்சர் பொட்டலத்தைக் கட்டில்மேல் வைத்துவிட்டு பஸ் ஏறப் போனார். அக்காவுக்கு அன்று வாழ்நாளிலேயே பெரிய சோதனையை ஜெயித்துவிட்ட திருப்தி. எங்கள் பக்கத்து ஜனத்தைத் தவிர வேறு யாராவது இப்படி ஒரு தப்பு செய்வார்களா என்று எனக்குத் தெரியவில்லை. பாவத்துக்குப் பயந்து, தம்பியின் ஒரே சந்தோஷத்துக்குக் காது கொடுக்காமல் இருந்துவிட்டார்.

அதற்குப் பிறகு சாமு வரவில்லை. மஞ்சள் காமாலை முற்றி மெட்ராஸில் இறந்துபோனார். கூட இருந்தவர்கள் அடக்கம் செய்துவிட்டுத்தான் வீட்டு விலாசம் தேடிப்பிடித்துச் சொல்லி அனுப்பினார்கள். அக்கா அன்றைக்கும் டியூட்டிக்கு வந்தார். ஒரு காமாலை நோயாளிக்கு டிரிப் மாற்றிவிட்டு, கைகழுவும் இடத்தில் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றுவிட்டார். நான் போய்க் குழாயை மூடினேன். "ஊர்ல இருக்கறவனுக்கெல்லாம் கஞ்சி ஊட்டினேன் சரோ. என் தம்பிக்கு ஒரு வாய் தண்ணி குடுக்கல" என்றார். படத்தின் பெயரைக் கேட்காமல் விட்டதைப் பற்றி அன்றைக்கு அவர் பேசவில்லை. அது அவருக்கு உறைக்கப் பல வருஷம் ஆனது.

கல்யாணம், ஷீபாவின் பிறப்பு, நைனாவின் மரணம், கணவரின் மரணம் என்று அக்காவின் வாழ்க்கை எல்லாருடைய வாழ்க்கையையும் போலவே போனது. வேலை முடிந்து சித்தூருக்கே திரும்பி மகளோடு இருந்தார். ஒரு கிறிஸ்துமஸுக்கு ஷீபா சுவரை அடைத்துக்கொள்கிற மாதிரி ஒரு டிவி வாங்கி மாட்டினாள். பழைய படம் எது வேண்டுமானாலும் அதில் தேடிப் பார்க்கலாம் என்று அவள் விளையாட்டாகச் சொன்ன அன்றைக்கே அக்கா எனக்குப் போன் செய்தார்.

"சரோ, சாமு வந்துட்டுப் போனது எந்த வருஷம்? நீ அப்ப பிரசவ வார்டுல இருந்தியா, சர்ஜரிலயா?"

இருவருமாக யோசித்து, அந்தக் காலத்தை ஒருவாறு பிடித்தோம். அக்கா என்ன செய்யப்போகிறார் என்று எனக்குப் புரிந்தது. வீட்டில் சாமுவின் ஒரு போட்டோகூட இல்லை. எங்கேயோ ஒரு பழைய படத்தில், ஹீரோவின் முகத்துக்கு நேராக நின்று சாமு ஒரு வசனம் சொல்கிறார். அந்த முகத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும், அந்தக் குரலை ஒரு தடவை கேட்க வேண்டும். சாவதற்குள் அது நடக்க வேண்டும் என்பதுதான் அக்காவுக்கு இருந்த ஒரே ஆசை.

"பொருத்தனை என்ன ஆச்சு?" என்று வம்புக்குக் கேட்டேன்.

"கொட்டகைக்குத்தான் போகமாட்டேன்னேன். இது என் ஊடு" என்றார்.

ஆனாலும் கொட்டகையின் சாயல் வீட்டுக்குள் வந்துவிடக் கூடாது என்பதில் அவர் குறியாக இருந்தார். படம் ஓடும்போது ஜன்னல்கள் எல்லாம் திறந்திருக்க வேண்டும், பகலிலும் ட்யூப்லைட் எரிய வேண்டும், வாசற்கதவைச் சாத்தக் கூடாது. வெளிச்சத்தில் டிவித் திரை வெளுத்துப்போய், கறுப்பு வெள்ளைப் படத்தில் யார் கதாநாயகன், எது தூண் என்று எனக்கே தெரியாது. "லைட்டையாவது அணைங்க அக்கா" என்றால், "இருட்டாக்கினா அது கொட்டகை" என்பார். காய்கறி விற்பவர்கூட வாசலில் நின்று கொஞ்சம் பார்த்துவிட்டுப் போவார்.

இப்படித்தான் அந்த விமர்சனங்கள் பிறந்தன. பின்னால் நிற்பவர்களையே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு முன்னால் நடப்பது அவ்வளவாகக் கண்ணில் படவில்லை. "கதை ஒண்ணும் இல்ல. ஆனா கோர்ட் சீன்ல மூலைல நின்ன போலீஸ்காரரு கண்ணு கலங்கினாரு. அவருக்குச் சம்பளம் ஏத்திக் குடுத்திருக்கணும்." இது ஒன்று. "அண்ணன் தங்கச்சிப் படம். அண்ணனா நடிச்சவரு அழறதைப் பாத்தா எனக்குச் சிரிப்புதான் வந்தது. பந்தியில இலை எடுத்தவன் அழுதான், அவன் நிஜமா அழுதான்." இது இன்னொன்று. ஆஸ்பத்திரிக் காட்சி வந்தால் கேட்கவே வேண்டாம். "ரத்த வாந்தி எடுத்தவன் எழுந்து உக்காந்துக்கினு முழுப் பாட்டும் பாடறான். நர்சம்மா ஊசியைக் கையில பிடிச்சிக்கினு பாட்டு முடியறவரைக்கும் நிக்கறாங்க. அவங்களை முதல்ல சஸ்பெண்ட் பண்ணணும்." குழுவில் எல்லாரும் சிரித்து உருண்டார்கள். பத்திரிகைக்கு எழுதுங்கள் என்றார்கள். ஒவ்வொரு விமர்சனமும் இன்னொரு படத்திலும் தம்பி இல்லை என்பதற்கான சேதி என்று எனக்கு மட்டும் தெரியும். நானும் சிரிப்பு பொம்மையைத்தான் அனுப்பினேன், வேறு என்ன அனுப்புவது?

மாதத்தில் ஒரு நாளாவது நான் திருப்பதியிலிருந்து பஸ் பிடித்துப் போவேன். காணிப்பாக்கம் பிள்ளையார் கோயிலுக்குப் போகிற கூட்டத்தில் இடிபட்டு இறங்கினால், அக்கா கேழ்வரகுச் சங்கட்டி கிளறி, வேர்க்கடலைத் துவையல் அரைத்து வைத்திருப்பார். சாப்பிட்டுவிட்டு உட்கார்வோம். நான் கதையைப் பார்ப்பேன், அவர் கும்பலைப் பார்ப்பார். திடீரென்று "நிறுத்து, நிறுத்து" என்பார். நிறுத்துவேன். எழுந்துபோய்த் திரைக்கு மூக்கை வைத்துப் பார்ப்பார். "ம்ஹூம். இவனுக்குக் காது பெரிசு" என்று சொல்லித் திரும்பி வந்து உட்காருவார். அந்த நேரத்தில் அவர் முகத்தை நான் பார்க்கமாட்டேன்.

போன வருஷம் அக்காவின் இதயம் பலவீனமானது. கால் வீங்கியது, நாலு அடி நடந்தால் மூச்சு வாங்கியது. நர்சுக்கு நர்ஸ் பொய் சொல்ல முடியாது. "சரோ, ரொம்ப நாளு இல்ல" என்று அவரே சொன்னார். படங்களை வேகமாகப் பார்க்கத் தொடங்கினார். அந்த நேரம் பார்த்துத் தவக்காலம் வந்தது. ஈஸ்டர் வரைக்கும் அக்கா டிவியைத் தொடமாட்டார், எப்போதுமே அப்படித்தான். ஷீபா கெஞ்சினாள். எனக்குக் கோபமே வந்துவிட்டது. "கடவுள் ஒண்ணும் சொல்லமாட்டார் அக்கா. இருக்கிற நாளை இப்படி வீணாக்காதீங்க" என்று போனில் கத்தினேன்.

"இது அவருக்குக் குடுத்த நாளு. சாமுக்காக அவரை ஏமாத்தினா, சாமுவே ஒத்துக்கமாட்டான்" என்றார்.

என்னால் அதை இன்னும் முழுதாக ஏற்க முடியவில்லை. அந்த நாட்களெல்லாம் டிவியின் மேல் ஒரு துணி போர்த்தியிருந்தது. ஷீபா தினமும் அம்மாவின் கால் வீக்கத்தை அழுத்திப் பார்த்து எனக்குச் சொல்வாள். குழி விழுகிறது ஆன்ட்டி, விழுந்த குழி மேலே வரவே நேரமாகிறது ஆன்ட்டி என்பாள். நான் திருப்பதியில் உட்கார்ந்து ஈஸ்டருக்கு வேண்டிக்கொண்டேன். நெற்றியில் திருமண் இட்டுக்கொண்டு ஈஸ்டருக்கு வேண்டிக்கொண்டவள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஈஸ்டர் கழிந்த வாரம் நான் சித்தூரில் இருந்தேன். அக்கா கூடத்துக் கட்டிலில் சாய்ந்திருந்தார். களைத்துப்போய், அன்றைக்குப் படம் வேண்டாம் என்றுவிட்டார். சரி, நானாவது பார்க்கிறேன் என்று ஷீபா தனக்குப் பிடித்த பழைய தெலுங்குப் படம் ஒன்றைப் போட்டாள். அவள் தெலுங்கு மீடியத்தில் படித்தவள், தமிழ்ப் படம் அவளுக்கு ஓடாது. நானும் அக்காவும் சங்கட்டிக்கு எந்தக் கீரை சேரும் என்று பேசிக்கொண்டிருந்தோம். பெரிய ஜமீன் வீட்டுக் கூடம், சோபாவில் ஹீரோ. கதவைத் திறந்துகொண்டு தோளில் துண்டோடு ஒரு வேலையாள் வந்தான். ஹீரோவின் முகத்துக்கு நேராக நின்று, "பாபு, மீகோசம் எவரோ வச்சாரண்டி" என்றான். உங்களைத் தேடி யாரோ வந்திருக்கிறார்கள் என்கிற அவ்வளவுதான் வசனம்.

அக்கா பேச்சை நிறுத்தினார். நான் அவர் கையைப் பிடித்தேன். "பின்னால போ ஷீபா" என்றார். மறுபடியும் கதவு திறந்தது. எலும்பும் தோலுமான உடம்பு, படிய வாரிய தலை. எனக்கே தெரிந்தது.

இத்தனை காலமும் நாங்கள் தமிழ்ப் படங்களையே தேடிக்கொண்டிருந்தோம். மெட்ராஸில் தெலுங்குப் படமும் எடுத்தார்கள் என்பது எங்களுக்குத் தெரியாதா? பால்காரரோடு தெலுங்கு, சந்தையில் தெலுங்கு, மகளுக்குப் பாடம் தெலுங்கு. ஆனால் அழுவதும் ஜெபிப்பதும் தமிழில் என்பதால், தம்பியையும் தமிழிலேயே தேடியிருக்கிறோம். இதற்கு யாரை நோவது?

அக்கா மூன்றாம் முறையும் பார்த்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார். "ஆளு அவன்தான். குரலு அவனுது இல்ல."

உண்மைதான். கணீரென்று, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோன்ற கடலோர ஆந்திரக் குரல் அது. யாரோ பேசிச் சேர்த்திருக்கிறார்கள். சாமுவின் உதடு அசைந்து முடிவதற்குள் வசனம் முடிந்துவிடுகிறது. சித்தூர்க்காரன் பேசுகிற தெலுங்கு அந்தப் படத்துக்குப் போதவில்லை போலிருக்கிறது. இத்தனை தேடியும் பாதித் தம்பிதான் கிடைத்தார்.

"சத்தத்தைக் கொறைம்மா" என்றார் அக்கா. ஷீபா முழுவதுமாகக் குறைத்தாள். மறுபடியும் கதவு திறந்தது, சாமு வந்து நின்றார், உதடு அசைந்தது. அப்போது கட்டிலிலிருந்து அக்கா அந்த வசனத்தைச் சொன்னார். அவருடைய குரலில் இல்லை. மெல்லிசாக, மூக்கால் கொஞ்சம் இழுத்து, கடைசியில் லேசாக உடைகிற ஒரு விடலைக் குரலில் சொன்னார். உதடும் குரலும் அச்சாகப் பொருந்தின. ஷீபா தன் வாழ்நாளில் முதன்முறையாக மாமாவின் குரலைக் கேட்டாள். "இன்னொரு தபா" என்று அக்காவே கேட்டுக்கொண்டார். மூச்சு வாங்க வாங்க, சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும், எத்தனை தடவை சொன்னார் என்று நாங்கள் எண்ணவில்லை. அதைப் பதிவு செய்ய வேண்டும் என்று எங்கள் இருவருக்கும் அப்போது தோன்றவே இல்லை.

அன்று சாயங்காலம் குழுவுக்கு அக்காவின் விமர்சனம் வந்தது. "தெலுங்குப் படம். சுமாரா இருக்குது. ஆரம்பத்துல கதவைத் திறந்துக்கினு ஒருத்தன் வரான். நல்லா பண்ணியிருக்கான்." வழக்கம்போல எல்லாரும் சிரிப்பு பொம்மை போட்டார்கள். அதற்குப் பிறகு அவர் எந்தப் படத்தையும் பார்க்கவில்லை, எதுவும் அனுப்பவும் இல்லை. படத்தின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் தேடிப்பிடித்துப் பார்ப்பீர்கள், அந்த ஒரு காட்சியைத் தவிர அதில் ஒன்றும் இல்லை.

கோடை முடிவதற்குள் அக்கா போய்விட்டார். சித்தூர் ஆலயத்தில் தமிழ்ப் பாட்டும் தெலுங்குப் பாட்டும் மாறி மாறிப் பாடினார்கள். நல்ல நர்ஸ், நல்ல தாய், வாக்குத் தவறாத விசுவாசி என்று பேசினார்கள். எல்லாம் சரிதான். கல்லறையில் மண் போட்டபோது என் பக்கத்தில் நின்ற ஷீபா, "மாமா கல்லறை எங்க இருக்குதுன்னு அம்மாவுக்குத் தெரியுமா ஆன்ட்டி?" என்று கேட்டாள். தெரியாது என்றேன்.

திருப்பதிக்கு வந்த மறுநாள் அந்தப் படத்தைப் போட்டேன். சத்தத்தை முழுதும் குறைத்தேன். சாமு கதவைத் திறந்துகொண்டு வந்தார், ஹீரோவின் முகத்துக்கு நேராக நின்றார். நான் சொல்லிப் பார்த்தேன். நகரிக்காரக் கிழவியின் குரல்தான் வந்தது. மறுபடியும் முயன்றேன், வரவில்லை. ஹாஸ்டலில் ஒரு மத்தியானம் கேட்ட குரல் எப்போதோ மறந்துபோய்விட்டது, அக்கா சொல்லிக் காட்டியது காதில் இருந்தாலும் வாய்க்குப் பிடிபடவில்லை. சாமுவின் உதடுகள் அசைகின்றன. அந்த வசனத்தை அவர் குரலில் சொல்லத் தெரிந்த ஒரே மனுஷியை மண்ணில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

போய் வாருங்கள் அக்கா. இங்கே சாமு வாய் திறந்து மூடுகிறார், சத்தமே இல்லை.